கொழுப்புக் கல்லீரலில் ரத்தநாள ஆய்வு: எங்கே சறுக்குகிறோம்?

கொழுப்புக் கல்லீரலில் ரத்தநாளங்களை ஆராய வருபவர்களில் பலர் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகிய நிலை) முற்றிய திசுவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்தக் கட்டத்தில் எல்லாமே மாறிப்போயிருக்கும். எது காரணம், எது விளைவு என்று பிரிக்கவே முடியாது. சைனுசாய்டு என்ற நுண்நாளங்களின் உட்சுவர் செல்களில் ஏறத்தாழ 50 முதல் 200 நானோமீட்டர் அகலமுள்ள துளைகள் உண்டு. அழற்சியும் தழும்பும் வருமுன்பே இவை குறையத் தொடங்குவதை விலங்கு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தேடவேண்டிய இடம் அந்தத் தொடக்கக் கட்டம்தான்.

சாதாரண மைக்ரோஸ்கோப்பில் இந்தத் துளைகள் தெரியாது. சிடி34 என்ற ரத்தநாளச் செல் புரதத்துக்கான சாயம் ஏறியதை வைத்து ‘துளைகள் மூடிவிட்டன’ என்று எழுதுவதும் சரியல்ல. செல்லின் தன்மை மாறியிருக்கிறது என்பதற்கு அது ஓர் அறிகுறி, அவ்வளவுதான். துளைகளை எண்ண எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வேண்டும்.

உண்மையான சிக்கல் அங்கேதான் ஆரம்பம். எலியின் போர்ட்டல் சிரை (குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் நாளம்) வழியாக ஃபிக்சேட்டிவ் என்ற திசுவைப் பதப்படுத்தும் திரவத்தைச் செலுத்தும்போது அழுத்தம் கூடினால் சுவர் கிழிந்து பெரிய ஓட்டைகள் விழும்; அவையும் ‘துளை’க் கணக்கில் சேர்ந்துவிடும். பாட்டிலை உயரத்தில் தொங்கவிட்டு, சுமார் 10 செ.மீ. நீர் அழுத்தத்தில் மெதுவாகச் செலுத்துவது நல்லது. கொழுப்பு ஏறிய கல்லீரலில் ரத்த ஓட்டத்துக்குத் தடை அதிகம். பம்பை ஒரே வேகத்தில் ஓட்டினால் நோயுற்ற எலிக்கு மட்டும் அழுத்தம் ஏறி, நாமே ஒரு வித்தியாசத்தை உண்டாக்கிவிடுவோம். வேகத்தை அல்ல, அழுத்தத்தைச் சமமாக வையுங்கள். 300 நானோமீட்டரைத் தாண்டுபவற்றைத் தனியாக எண்ணுங்கள்.

செல்களைப் பிரித்து வளர்ப்பவர்களுக்கு நேரம்தான் எதிரி: தட்டில் போட்ட இரண்டு மூன்று நாளில் துளைகள் தாமாகவே மறைகின்றன. அப்புறம் மருந்தைச் சேர்த்து என்ன பார்ப்பது?

உணவின் மூலம் எலிக்கு நோயை உண்டாக்கும் மாதிரியிலும் கவனம் வேண்டும். மெத்தியோனின், கோலின் என்ற சத்துகள் இல்லாத உணவு கல்லீரலில் சீக்கிரம் கொழுப்பை ஏற்றும்; ஆனால் எலி இளைத்துப்போகும், இன்சுலின் தடையும் மனிதர்களில் இருப்பதுபோல் வராது. பருமனும் சர்க்கரையும் சேர்ந்த நோயாளிக்கு இது எப்படிப் பொருத்தமான மாதிரி ஆகும்?

மனித ஆய்வில் டாப்ளர் (ரத்த ஓட்டத்தை அளக்கும் ஸ்கேன்) எடுப்பவர்கள் நோயாளி சாப்பிட்டிருக்கிறாரா என்று கேட்க மறந்துவிடுகிறார்கள். உணவுக்குப் பிறகு போர்ட்டல் ரத்த ஓட்டம் கூடிவிடும். போர்ட்டல் சிரையின் அழுத்தம் எவ்வளவு கூடியிருக்கிறது என்று காட்டும் கல்லீரல் சிரை அழுத்த வித்தியாசம் 10 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இருந்தால் ஆபத்தில்லை என்ற பழைய கணக்கையும் அப்படியே இங்கே கொண்டுவரக் கூடாது. கொழுப்புக் கல்லீரல் நோயாளிகளில் சிலருக்கு அதற்குக் குறைவாக இருக்கும்போதே சிக்கல்கள் வந்ததாகப் பதிவாகியிருக்கிறது.