குழாய்க்குள் ஆக்சிஜன் 18 மாறிய கதை

எண்ணூர் கழிமுகத்துச் சிப்பிகளை 25 டிகிரியில் பாஸ்பாரிக் அமிலத்தில் கரைத்து, வந்த கார்பன் டை ஆக்சைடைக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்து வைத்திருந்தேன். உடனே அளந்த குழாய்கள் ஒத்துப்போயின. சில நாள் கிடந்தவற்றில் ஆக்சிஜன் 18, அதாவது ஆக்சிஜனின் கனமான ஐசோடோப்பின் அளவு மட்டும் நகர்ந்திருந்தது. கார்பனின் கனமான ஐசோடோப்பான கார்பன் 13 அப்படியே இருந்தது. கசிவு என்றால் அநேகமாக இரண்டுமே ஆடியிருக்கும்.

கண்ணாடியும் சிலிக்கானும் ஆக்சிஜனும் பிணைந்த சிலிகேட்தானே, அதன் ஆக்சிஜன் வாயுவோடு இடம் மாறுகிறதோ என்று முதலில் தோன்றும். ஆனால் அறை வெப்பத்தில் சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பு அசைந்து கொடுக்காது. 1991இல் ஸ்டோல்பர், எப்ஸ்டைன் என்ற ஆய்வாளர்கள் சிலிகா கண்ணாடிக்கும் இந்த வாயுவுக்கும் இடையே பரிமாற்றத்தை அளந்தது 550 முதல் 950 டிகிரி வரையில்.

மிச்சம் இருந்த சந்தேகம் ஈரம். வடசென்னைக் கடற்காற்றில் அதற்கா பஞ்சம்! சுவரில் ஒட்டிய நீர்ப்படலத்தில் வாயு கரைந்து கார்பானிக் அமிலமாகி, திரும்பும்போது நீரின் ஆக்சிஜனோடு வெளியே வருகிறது. கார்பனுக்கு மாற்றிக்கொள்ள அங்கே ஜோடி இல்லை.

சரி, வேலைக்கு வந்தேன். காலிக் குழாய்களை வெற்றிடப் பம்பில் மாட்டி, பம்ப் ஓட ஓட 200 டிகிரி வரை சூடாக்கினேன். வாயு ஏறிய பிறகு சூடாக்கக் கூடாது. அப்புறம் வழியில் உலர் பனியும் ஆல்கஹாலும் கலந்த −78 டிகிரிக் குளிரில் ஈரத்தைப் பிடிக்கும் பொறி ஒன்று. குறைந்த அழுத்தத்தில் வாயு தாண்டிவிடும், நீராவி அங்கேயே உறைந்துவிடும். இப்போது பழைய குழாயும் புதுக் குழாயும் ஒரே எண்ணைத் தருகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் குழாய்களைக் கூடுதல் நேரம் சூட்டில் விடுகிறேன்.