கவட்டுப் பகுதியில் நைந்த ஜீன்ஸை வீட்டிலேயே தைத்துச் சீராக்குதல்

ஜீன்ஸ் பலருக்கும் முதலில் நைவது தொடைகள் இரண்டும் உராயும் கவட்டுப் பகுதியில்தான். நடக்கும்போதும் இருசக்கர வண்டியில் ஏறி இறங்கும்போதும் அந்த இடத்து நூல்கள் சிறிது சிறிதாகத் தேய்கின்றன. துணி நன்றாக மெலிந்த பிறகே கிழிசல் கண்ணில் படுகிறது. ஆகவே, துவைத்து உலர்ந்த ஜீன்ஸை உட்புறம் வெளியே வருமாறு திருப்பி, சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் இற்றுக்கொண்டிருக்கும் இடம். கிழிவதற்கு முன்பே அங்கே ஒட்டுப் போட்டுவிட்டால் தையல் வெளியே அதிகம் தெரியாது, துணியும் சுருங்காது.

ஜீன்ஸ் தைக்கப் பயன்படும் டெனிம் துணியின் நெசவைப் புரிந்துகொண்டால் கை தானாகச் சரியான திசையில் போகும். நெடுக்காகச் செல்லும் பாவு நூல் இண்டிகோ நீலம் ஏற்றியது. குறுக்கே செல்லும் ஊடை நூல் பெரும்பாலும் சாயமேற்றாத வெள்ளை. வழக்கமான நெசவில் ஒவ்வொரு பாவு நூலும் மூன்று ஊடை நூல்களுக்கு மேலாகவும் ஒன்றுக்குக் கீழாகவும் செல்வதால், துணியின் முகப்பில் நீலம் மேலோங்குகிறது. உராய்வையும் அதுவே முதலில் தாங்குகிறது. கிழிந்த முழங்காலில் நீல நூல்கள் அறுந்துபோய், வெள்ளை நூல்கள் மட்டும் குறுக்கே நிற்பதற்கு இதுவே காரணம்.

ஒட்டுத்துணியைப் பழைய ஜீன்ஸின் தேயாத கால் பகுதியிலிருந்து வெட்டிக்கொள்ளலாம். அது மூலத்துணியைவிடத் தடிப்பாக இருக்கக் கூடாது. தடித்த ஒட்டின் விளிம்பை ஒட்டியே அடுத்த கிழிசல் விழும். மெலிந்த பகுதியைத் தாண்டி நாற்புறமும் 2 செ.மீ. அளவு நல்ல துணியில் படியும்படி வெட்டி, மூலைகளை வளைவாக்கி, இரண்டு துணிகளின் பாவு நூலும் ஒரே திசையில் ஓடும்படி உட்புறத்தில் வையுங்கள். விளிம்பை மடிக்க வேண்டாம். அந்த மடிப்பு தொடையை அறுக்கும். நான்கு தையல்கள் கூடும் முடிச்சின் மேல் ஒரே துண்டைப் போர்த்துவதைவிட, தையலின் இருபுறமும் தனித்தனித் துண்டுகளை வைப்பது நல்லது. அந்த முடிச்சில் துணி பல அடுக்காக இருப்பதால் ஊசி எளிதில் ஒடிந்துவிடும்.

ஒட்டு நகராதிருக்க வேறு நிற நூலால் தற்காலிகமாகத் தளர்வாக ஒரு சுற்று இணைத்துக்கொண்டு, வெளுத்த நீல நிற நூலில் பாவின் திசையிலேயே சிறு சிறு ஓட்டுத் தையல்களை வரிவரியாகப் போடுங்கள். வரிகளுக்கிடையே ஏறத்தாழ 3 மி.மீ. இடைவெளி போதும். ஒவ்வொரு வரியும் முடிந்து திரும்பும் இடத்தில் நூலை இழுத்து இறுக்காமல் சிறிது தளர விடுவது மிக முக்கியம்; இல்லையெனில் துவைத்ததும் துணி கொசுவிக்கொள்ளும். தையல் இயந்திரத்தில் செய்வோர் 16-ஆம் எண் ஊசியைப் பொருத்தி, முன்னும் பின்னுமாக நெருக்கமாக ஓட்டி, தடித்த இடங்களில் சக்கரத்தைக் கையாலேயே சுற்ற வேண்டும்.

முழங்கால் கிழிசலில் தொங்கும் வெள்ளை நூல்களைக் கத்தரிக்காதீர்கள். பின்னால் ஒட்டுத்துணி வைத்து, அந்த நூல்களை ஒன்றுவிட்டு ஒன்று மேலும் கீழுமாகக் கோத்தபடி நீல நூலை நெடுக்காகச் செலுத்தினால், அறுந்துபோன பாவையே மீண்டும் நெய்ததாகிவிடும். தையல் தெரிவதில் தயக்கமில்லாதவர்கள் ஜப்பானின் சாஷிகோ முறையில், நீலத்தின் மேல் வெள்ளை நூலால் ஓட்டுத் தையல் போடலாம். இது உழைப்பாளர்களின் உடையைக் கெட்டிப்படுத்தப் பிறந்த தையல் என்பதால் ஜீன்ஸுக்கு இயல்பாகவே பொருந்துகிறது.

பெல்ட் கண்ணி பிய்ந்து துளை விழுந்திருந்தால், முதலில் பின்புறம் ஒட்டு வைத்துவிட்டுப் பிறகு கண்ணியைத் தையுங்கள். சட்டைப்பை, கால்சட்டைப்பை மூலைகளுக்கும் இதே முறைதான். அமெரிக்க வணிகர் லெவி ஸ்ட்ராஸும் தையற்காரர் ஜேக்கப் டேவிஸும் 1873-இல் காப்புரிமை பெற்ற உலோகக் குமிழ்கள் (ரிவெட்), பை மூலைகள் இப்படிப் பிய்வதைத் தடுக்கவே வந்தவை.

இழுபடும் ஜீன்ஸுக்கு இழுபடும் துணியிலேயே ஒட்டு வெட்ட வேண்டும். அதிக சூட்டில் இஸ்திரி போட்டால் அதன் நீளும் தன்மை கெடும். முதல் சலவைக்குப் பின் ஒட்டின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, எழும்பியிருக்கும் இடத்தில் மட்டும் இன்னொரு வரி தைத்துக்கொள்ளுங்கள்.