வேலூர் வெயிலில் இரட்டை டிஸ்க்: லினக்ஸ் கணினியில் ரெய்டு 1 அமைக்கும் முறை

ரெய்டு 1 என்றால் எழுதுவதெல்லாம் இரண்டு டிஸ்கிலும் ஒரே நேரத்தில் பதிவது. ஒன்று செத்தாலும் மற்றது ஓடும். தவறி அழித்த கோப்பு மட்டும் திரும்பாது, ஏனென்றால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். அதனால் பேக்கப் தனியாக வேண்டும்.

வேண்டியவை: 4 டிபி டிஸ்க் இரண்டு, சாட்டா கேபிள் இரண்டு, பவர் சப்ளையில் இரண்டு சாட்டா முனை. அளவு வேறுபட்டால் சிறியதின் அளவுதான் கிடைக்கும். தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி எழுதும் ‘எஸ்எம்ஆர்’ வகை வேண்டாம், தனித்தனியாக எழுதும் ‘சிஎம்ஆர்’ என்று கேட்டு வாங்குங்கள். எஸ்எம்ஆரில் மறுபடி நகலெடுப்பது ஆமை வேகம். மாட்டும்போதே இரண்டின் சீரியல் எண்ணையும் மாஸ்கிங் டேப்பில் எழுதி, வெளியே தெரிகிற பக்கம் ஒட்டுங்கள். இரண்டு வருடம் கழித்து எது பழுது என்று தேடும்போது, நல்ல டிஸ்கைக் கழற்றிவிடாமல் காப்பாற்றுவது அந்த டேப்தான்.

உபுண்டுவில் காக்பிட் (பிரவுசர் வழியாகக் கணினியை நிர்வகிக்கும் மென்பொருள்), அதன் டிஸ்க் பகுதியான காக்பிட்-ஸ்டோரேஜ்ட், ரெய்டை இயக்கும் எம்டிஆட்ம் மூன்றையும் நிறுவி, பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட், போர்ட் 9090-ஐத் திறந்துகொள்ளுங்கள். மேலே ‘லிமிடெட் ஆக்சஸ்’ என்று இருந்தால் அதை அழுத்திப் பாஸ்வேர்டு கொடுங்கள். இல்லாவிட்டால் எதையும் மாற்ற முடியாது.

‘ஸ்டோரேஜ்’ பக்கத்து மெனுவில் ‘கிரியேட் எம்டிரெய்டு டிவைஸ்’. லெவல் ரெய்டு 1, இரண்டு டிஸ்கிலும் டிக். டிஸ்க் பட்டியலில் வரவில்லையா? பழைய பார்ட்டிஷன் மிச்சமிருக்கும், அழித்துவிட்டு வாருங்கள். சிஸ்டம் இருக்கும் டிஸ்கை அழித்துவிடாமல் சீரியல் எண்ணைச் சரிபாருங்கள். ‘பிட்மேப் (எழுதப்படும் இடங்களின் குறிப்பு) இல்லை’ என்று எச்சரித்தால் சேர்த்துவிடுங்கள். மின்சாரம் போய் வந்தால் முழு டிஸ்கையும் ஒப்பிடாமல், பாதியில் நின்ற இடங்களை மட்டும் சரிசெய்ய அது உதவும்.

அடுத்து லினக்ஸின் வழக்கமான கோப்பு முறையான எக்ஸ்ட்4-ல் ஃபார்மேட். ‘அட் பூட்’ கேள்விக்குத் தோல்வியைப் பொருட்படுத்தாத தேர்வை எடுங்கள். இல்லையென்றால் ரெய்டு எழாத நாளில் கணினியே எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும்.

இரண்டு டிஸ்கையும் ஒன்றுபோல ஆக்கும் முதல் ஒத்திசைவு 4 டிபிக்கு நொடிக்கு 150 எம்பி வேகத்தில் சுமார் ஏழரை மணி நேரம். மே மாதம் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டும் மதியத்தில் தொடங்காதீர்கள். இரவு ஒன்பதுக்குத் தொடங்கினால் விடிவதற்குள் முடியும். டிஸ்கின் நிலையைச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை காட்டும் சூடு 45 டிகிரிக்கு மேல் ஏறினால் டிஸ்குக்கு முன்னால் ஒரு ஃபேன் போடுங்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவற்றில் பின்புறம் ‘யுபிஎஸ்’ என்று ஒரு சுவிட்ச் உண்டு. அது ‘நார்மல்’ பக்கம் இருந்தால் கரண்ட் மாறும் நொடியில் கணினி அணைந்துவிடும்.

போட்டோக்களை ஏற்றுவதற்கு முன் ஒரு ஒத்திகை. ஒரு சோதனைக் கோப்பைப் போட்டுவிட்டு, கணினியை அணைத்து, ஒரு டிஸ்கின் டேட்டா கேபிளைக் கழற்றி, மறுபடி ஆன் செய்யுங்கள். ரெய்டின் நிலையைக் காட்டும் /ப்ராக்/எம்டிஸ்டாட் கோப்பில், டிஸ்குக்கு ஒரு ‘யு’ வீதம் ‘[யுயு]’ இருந்த இடத்தில் ஒரு ‘யு’ போய் அடிக்கோடு வந்திருக்கும். அந்தச் சோதனைக் கோப்பு திறக்கிறதா பாருங்கள். அணைத்து, கேபிளை மாட்டி எழுப்பினால் அந்த டிஸ்க் தானாக உள்ளே வராது. பழுதாகிவிட்டதோ என்று பலரும் பதறுவது இங்கேதான். எம்டிஆட்மில் ‘ரீ-ஆட்’ (மறுபடி சேர்) கட்டளையைக் கொடுங்கள். பிட்மேப் இருந்தால் சில நிமிடத்தில் ‘[யுயு]’ திரும்பிவிடும்.