பல்லுறுப்புக் கோவை கழித்தல்: எக்ஸைத் தூக்கிவிட்டுப் போட்டோம்

காவேரிப்பட்டணத்தில் அக்கா பையன் ஒன்பதாவது படிக்கிறான், கூட்டலை அசால்ட்டாகப் போடுவான், கழித்தல் வந்தால் மட்டும் அடைப்புக்குறிக்குள் முதல் உறுப்பின் குறியை மாற்றிவிட்டு மீதியை அப்படியே விட்டுவிடுவான். விதியைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், அடுக்கு இறங்குவரிசையில் கெழுக்களை (எக்ஸுக்கு முன்னால் நிற்கும் எண்களை) மட்டும் எழுதச் சொன்னேன். இல்லாத அடுக்குக்குக் கட்டாயம் 0 போடணும், இல்லையென்றால் எல்லாம் ஒரு கட்டம் நகர்ந்துவிடும்.

கணக்கு (5x³ − 2x + 7) − (2x³ + 4x² − 6x + 3) என்று வைத்துக்கொள்வோம். மேலே 5, 0, −2, 7. கீழே 2, 4, −6, 3. கீழ்வரிசை முழுக்கக் குறி மாற்றி −2, −4, 6, −3 என்று தனி வரியாக எழுதிவிட்டால் அப்புறம் வெறும் கூட்டல்தான்: 3, −4, 4, 4. முதல் 3 எக்ஸ் கனத்துக்கு, கடைசி 4 மாறிலி, அதாவது எக்ஸ் இல்லாத எண்.

சரிபார்க்க எக்ஸுக்கு 1 போடுவது சுலபம், ஆனால் கட்டம் மாறியிருந்தால் அது காட்டிக்கொடுக்காது. 2 போடுங்கள்: 43 கழித்தல் 23, விடையிலும் 20.