வேலைநிறுத்தமும் கதவடைப்பும்: இ.எஸ்.ஐ. உரிமையைக் காத்துக்கொள்வது எப்படி?

வேலைநிறுத்த அறிவிப்பு வெளியான உடனேயே ஆலை வாயிலில் பரவும் வதந்திகளுள் ஒன்று, நாளை முதல் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டம்) அட்டை செல்லாது என்பதாகும். வீட்டில் சர்க்கரை நோயாளியான தாயோ கருவுற்ற மனைவியோ உள்ள தொழிலாளி இதைக் கேட்டுத் தயங்குவது இயல்பு. ஆனால் இது உண்மையன்று. இ.எஸ்.ஐ. உரிமை வேலை நின்ற நாளில் அறுந்து போவதில்லை. இன்று சம்பளமின்றிக் கழியும் நாள்கள் பல மாதங்கள் கழித்தே கணக்கில் குறைவாகத் தெரிய வருகின்றன. அந்த வேளையில் போராட்டம் முடிந்திருக்கும். சங்கத்தின் கவனமும் வேறு பக்கம் திரும்பியிருக்கும். ஆகவே போராட்டக் குழு காக்க வேண்டியது அட்டையை விட நாள் கணக்கைத்தான்.

கணக்கு இப்படி இயங்குகிறது. சந்தா கட்டப்படும் ஆறு மாதம் சந்தாக் காலம்; அந்தச் சந்தாவின் பேரில் உதவி கிடைக்கும் ஆறு மாதம் பயன் காலம். ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரையுள்ள சந்தாக் காலத்துக்கு உரிய பயன் காலம் அடுத்து வரும் ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை. அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரையுள்ள சந்தாக் காலத்துக்கு உரியது அடுத்த ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரை. ஒரு சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாள்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருந்தால், அதற்குரிய பயன் காலத்தில் சராசரி நாள் ஊதியத்தில் 70 விழுக்காடு நோய்க்கால உதவித்தொகையாகக் கிடைக்கும். தொழிலாளிக்கும் குடும்பத்துக்குமான மருத்துவ உரிமையும் அதனோடு சேர்ந்து நீடிக்கும். மகப்பேறு உதவித்தொகைக்கு விதி வேறு: முந்தைய இரண்டு சந்தாக் காலங்களிலும் சேர்த்து 70 நாள்கள் இருந்தால் போதும். வேலையிடத்து விபத்தால் வரும் ஊன உதவித்தொகைக்கோ நாள் கணக்கே கிடையாது.

மாதச் சம்பளக்காரருக்கு வார விடுமுறையும் சம்பள நாளாக எண்ணப்படுவதால், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 183 நாள்கள் பதிவாகும். அவர் 105 நாள்கள் வரை இழந்தாலும் 78 எஞ்சும். மாதத்துக்கு 26 நாள் சம்பளம் பெறுபவருக்கு ஆறு மாதத்தில் 156 நாள்கள்தாம். அவர் இழக்கக்கூடியது 78 மட்டுமே. ஒரே ஆலையில், ஒரே போராட்டத்தில், ஒருவர் தப்புவதும் மற்றவர் சிக்குவதும் இதனால்தான். போராட்டத்துக்கு முன்பே நீண்ட விடுப்பில் இருந்தவர்களும் இடையில் சேர்ந்தவர்களும் இன்னும் குறுகிய எல்லைக்குள் நிற்கிறார்கள்.

போராட்டம் எந்தத் தேதியில் விழுகிறது என்பதும் முக்கியம். சுங்குவார்சத்திரத்திலுள்ள சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள்கள் நீடித்தது. செப்டம்பர் 30 என்ற எல்லை அதன் நடுவில் விழுந்தது. இத்தகைய போராட்டத்தில் இழப்பு இரண்டு சந்தாக் காலங்களுக்கும் பிரிந்துபோவதால் எதிலும் 78 நாள்களுக்குப் பழுது வராது. மாறாக, ஜனவரி 1 அன்று தொடங்கி ஜூன் இறுதி வரை நீளும் ஒரு கதவடைப்பை, அதாவது நிர்வாகமே ஆலையை மூடித் தொழிலாளரை வெளியே நிறுத்துவதை, எண்ணிப் பாருங்கள். 26 நாள் கணக்கில் அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களுக்குச் சரியாக 78 நாள்கள். திரும்பி வந்தபின் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரிலும் சரியாக 78. அந்த மாதங்களில் ஒரு நாள் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருந்தாலும் உரிமை போய்விடும். எனவே போராட்டம் இரண்டு மாதத்தைத் தாண்டும்போது, உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் நடப்புச் சந்தாக் காலத்தில் எத்தனை நாள்கள் சேர்ந்துள்ளன என்ற பட்டியலைச் சங்கம் கையில் வைத்திருக்க வேண்டும். இ.எஸ்.ஐ. இணையதளத்தில் தம் காப்பீட்டு எண்ணைக் கொண்டு நுழைந்தோ மத்திய அரசின் உமங் கைபேசிச் செயலி வழியாகவோ ஒவ்வொருவரும் இதைப் பார்த்துக்கொள்ளலாம். திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்வது பின்னால் உதவும்.

அறிவிப்புக் கடிதம் கொடுப்பதற்கு முன்பு செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. பல சங்கங்கள் இதைத் தவறவிடுகின்றன. 1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தின் 63ஆம் பிரிவு, ஒருவர் வேலைநிறுத்தத்தில் இருக்கும் நாளுக்கு நோய்க்கால உதவித்தொகையோ தற்காலிக ஊன உதவித்தொகையோ கிடையாது என்கிறது. ஆனால் அச்சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட 99-ஏ ஒழுங்குமுறை சில விலக்குகளைத் தருகிறது: இ.எஸ்.ஐ. மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையிலோ உள்நோயாளியாக இருப்பவர், காசநோய், புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கான நீட்டித்த உதவித்தொகைக்கு உரியவர், வேலைநிறுத்த அறிவிப்புக்கு முன்பிருந்தே உதவித்தொகை பெற்று வருபவர் ஆகியோருக்குப் பணம் நிற்காது. கடைசி விலக்கில் கணக்கிடப்படும் தேதி வேலை நின்ற நாள் அல்ல, சங்கம் நிர்வாகத்திடம் அறிவிப்புக் கொடுத்த நாளே என்பதைக் கவனிக்க வேண்டும். மகப்பேறு உதவித்தொகையை 63ஆம் பிரிவு தொடவில்லை. மருத்துவ சிகிச்சையையும் தொடவில்லை. நிறுத்தப்படுவது பணம்தான், மருந்து அன்று.

ஆகவே அறிவிப்புக்கு முந்தைய வாரத்தில், சிகிச்சையில் இருக்கும் உறுப்பினர்களைச் சங்கம் இனம்கண்டு, மருத்துவச் சான்றைக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பவர்கள் அதை இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் தாமதமின்றிச் சேர்க்கும்படி சொல்ல வேண்டும். உண்மையான நோய்க்கு மட்டுமே இதைச் செய்ய வேண்டும். அறிவிப்புக்கு முந்தைய நாள் முப்பது பேர் ஒரே மருந்தகத்தில் சான்று வாங்கினால், உண்மை நோயாளியின் மனுவும் சேர்ந்தே சந்தேகத்துக்கு உள்ளாகும்.

இங்கே ஒரு சட்ட மாற்றத்தைச் சொல்ல வேண்டும். 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. இ.எஸ்.ஐ. திட்டம் இப்போது 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் கீழ் வருகிறது. பிரிவு எண்கள் மாறியுள்ளன. அலுவலகங்களிலும் சங்கங்களிலும் பழைய எண்களே இன்னும் பழக்கத்தில் இருப்பதால் அவற்றையே இங்கே குறிப்பிடுகிறேன். மனு எழுதும்போது புதிய எண்ணையும் வழக்கறிஞரிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்வது நல்லது. அந்த நான்கில் ஒன்றான தொழில் உறவுத் தொகுப்பின்படி எந்தத் தொழிற்சாலையிலும் 14 நாள் அறிவிப்பின்றி வேலைநிறுத்தம் செய்ய முடியாது. ஐம்பது விழுக்காட்டினரோ அதற்கு மேலோ கூட்டாகத் தற்செயல் விடுப்பு எடுப்பதும் வேலைநிறுத்தமாகவே கருதப்படும். சட்டவிரோதம் என்ற முத்திரை விழுந்துவிட்டால் பின்னால் அந்த நாள்களுக்குச் சம்பளம் கேட்பது கடினமாகும்; சம்பளம் இல்லையெனில் சந்தாவும் இல்லை.

கதவடைப்பு வேறு வகை. சட்டம் மறுப்பது வேலைநிறுத்தத்தில் இருக்கும் நாளுக்கான உதவித்தொகையை மட்டுமே. நிர்வாகம் கதவை மூடிய நாளில் நோயுற்ற தொழிலாளி, மற்ற தகுதிகள் இருந்தால், உதவித்தொகை கேட்கலாம். இதனாலேயே நிர்வாகம் அதை வேலைநிறுத்தம் என்றும், சங்கம் கதவடைப்பு என்றும் எழுதும். இந்தப் பெயர்ச் சண்டை தொழிலாளர் துறையின் சமரச மேசையோடு முடிவதில்லை. கிளை அலுவலக எழுத்தரின் மேசைக்கும் வந்து சேரும். எனவே வேலைக்கு வந்தும் உள்ளே விடப்படவில்லை என்பதற்கான சான்று முதல் நாளிலிருந்தே வேண்டும்: நிர்வாகம் வாயிலில் ஒட்டிய அறிவிப்பின் தேதியுடன் கூடிய படம், வேலைக்குத் தயார் என்று நிர்வாகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம், அதன் நகலைத் தொழிலாளர் உதவி ஆணையரிடம் கொடுத்துப் பெற்ற முத்திரை. நன்னடத்தை உறுதிமொழியில் கையெழுத்திட்டால்தான் உள்ளே விடுவோம் என்று நிர்வாகம் சொன்னால், அதையும் எழுத்தில் பெற முயல வேண்டும்.

அடுத்தது, வெளியில் தெரியாமல் நடக்கும் ஆபத்து. நிர்வாகம் மாதந்தோறும், அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள், தொழிலாளி வாரியாக வேலைநாள்களையும் சம்பளத்தையும் இ.எஸ்.ஐ. இணையதளத்தில் ஏற்ற வேண்டும். ஒருவருக்கு வேலைநாள் சுழியம் என்று போட்டால் காரணக் குறியீடு ஒன்றையும் தேர்ந்தெடுக்க வேண்டும். வேலைநிறுத்தம் அல்லது கதவடைப்புக்கு 9 என்ற குறியீடு இருக்கிறது. பணியை விட்டு விலகியவருக்கு 2. கோபத்தாலோ கவனக்குறைவாலோ 9க்குப் பதிலாக 2 என்று இடப்பட்டால், கடைசி வேலைநாள் ஒன்று பதிவாகி, அந்தத் தொழிலாளி அந்த நிறுவனத்தின் பட்டியலிலிருந்தே நீங்கிவிடுவார். வேலைநீக்கக் கடிதம் எதுவும் வராமலேயே, ஆவணத்தில் அவர் வேலையை விட்டுப் போனவர் ஆகிவிடுகிறார். போராட்டத்தின் முதல் மாதத்துக்கான பதிவு ஏறியதும், அதாவது அடுத்த மாதம் 16ஆம் தேதி வாக்கில், உறுப்பினர்கள் தங்கள் பதிவைப் பார்த்துச் சங்கத்துக்குச் சொல்லும்படி ஏற்பாடு செய்யுங்கள். தவறு இருந்தால் நிர்வாகத்துக்கும் இ.எஸ்.ஐ. மண்டல அலுவலகத்துக்கும் ஒரே நாளில் எழுத வேண்டும். வேலைநிறுத்த அறிவிப்பின் நகலையும் தொழிலாளர் துறையில் நடக்கும் சமரசப் பேச்சின் அழைப்புக் கடிதத்தையும் இணைத்தால், விலகவில்லை என்பதற்கு வேறு சான்று தேவைப்படாது.

ஒப்பந்தத் தொழிலாளருக்கு இந்த ஆபத்து இரட்டிப்பாகும். போராட்டத்தில் கலந்துகொள்ளாமலேயே, ஆலை நின்றதால் வேலையிழப்பவர்கள் அவர்கள். அவர்களுடைய பெயர் ஒப்பந்தக்காரரின் கணக்கில் இருப்பதால் விலகினார் என்று எழுதி முடித்துவிடுவது மிக எளிது. சட்டப்படி முதலில் சந்தா செலுத்தக் கடமைப்பட்டவர் முதன்மை முதலாளியே, அதாவது ஆலை நிர்வாகமே. பிறகு அவர் ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். நிரந்தரத் தொழிலாளர் சங்கம் தன் கோரிக்கைக் கடிதத்தில் இவர்களுடைய இ.எஸ்.ஐ. தொடர்ச்சியையும் ஒரு வரியாகவேனும் சேர்க்காவிட்டால் வேறு யாரும் சேர்க்கப் போவதில்லை.

போராட்டத்துக்கு முந்தைய மாதங்களில் சம்பளத்திலிருந்து 0.75 விழுக்காடு பிடித்துவிட்டு, தன் பங்கான 3.25 விழுக்காட்டையும் சேர்த்து நிர்வாகம் செலுத்தாமல் விட்டிருப்பதும் நலிந்த ஆலைகளில் நடக்கிறது. சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்து, இணையதளத்தில் அந்த மாதம் காலியாக இருந்தால், அந்தச் சீட்டே புகாருக்குப் போதுமான ஆவணம். முதலாளி செலுத்தாததால் தொழிலாளிக்கு உதவித்தொகை குறைந்துபோனால், இ.எஸ்.ஐ. கழகம் அதைத் தானே வழங்கிவிட்டு முதலாளியிடம் வசூலிக்க 68ஆம் பிரிவு வழி செய்தது. மண்டல அலுவலகம் அசையாவிட்டால் தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றத்தை நாடலாம்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியவர்களுக்கு இவை எதுவும் பொருந்தாது. அவர்கள் நிறுவனம் எடுத்த குழு மருத்துவக் காப்பீட்டை நம்பியிருக்கிறார்கள். அதில் பாலிசியின் உரிமையாளர் நிறுவனம்தான். அமெரிக்காவில் 2019 செப்டம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், வேலைநிறுத்தம் தொடங்கிய கையோடு தொழிலாளரின் மருத்துவக் காப்பீட்டுக்குப் பணம் கட்டுவதை நிறுத்தியது. எதிர்ப்பு வலுத்ததும் பத்து நாள்களுக்குள் அம்முடிவைத் திரும்பப் பெற்றது. இங்கும் ஒரு மின்னஞ்சலில் உறுப்பினர் பெயர்களை நீக்கிவிட முடியும். எனவே அறிவிப்புக்கு முன்பே பாலிசி எண், காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், புதுப்பிக்கும் தேதி, நீக்கம் பற்றிய விதி ஆகியவற்றைக் கேட்டு வாங்கி வைக்க வேண்டும். புதுப்பிக்கும் தேதி போராட்டத்தின் நடுவில் விழுந்தால் அதுவே பேச்சுவார்த்தையின் முதல் பொருளாக இருக்கட்டும். குழுவிலிருந்து நீங்குபவர் அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பிக்கலாம். அப்படி மாறினால் ஏற்கெனவே கழித்த காத்திருப்புக் காலம் வீணாகாது. புதிதாக எடுத்தால் முன்பிருந்தே உள்ள நோய்க்கு மூன்றாண்டு வரை காத்திருக்க நேரிடலாம். தனிநபர் பாலிசியின் பிரீமியம் கையைக் கடிக்கும் என்பதால், தொடர் சிகிச்சையில் உள்ள குடும்பங்களுக்குப் போராட்ட நிதியிலிருந்து அதைக் கட்டுவது, எல்லோருக்கும் சிறு தொகை பகிர்வதைக் காட்டிலும் பயன் தரும் என்பது என் கருத்து.

ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாள்தான் மிகவும் கவனம் வேண்டிய நாள். போராட்டக் காலத்துக்கு ஏதோவொரு தொகை தர நிர்வாகம் இசைந்தால், அது பெரும்பாலும் கருணைத்தொகை என்ற பெயரில் வரும். அந்தப் பெயரில் எத்தனை ஆயிரம் வந்தாலும் நாள் கணக்கில் ஒன்றும் ஏறாது. பழைய சட்டத்தின் சம்பள வரையறை, கதவடைப்புக் காலத்துக்கும் சட்டவிரோதமல்லாத வேலைநிறுத்தக் காலத்துக்கும் தரப்படும் பணத்தையும் சம்பளமாகவே எண்ணியது. புதிய தொகுப்பின் வரையறையோ, ஒப்பந்தத்தின் பேரிலும் தீர்ப்பின் பேரிலும் தரப்படும் தொகையை விலக்குப் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆகவே, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரையுள்ள நாள்கள் சம்பள நாள்களாகக் கொள்ளப்படும், அவற்றுக்கு இ.எஸ்.ஐ. சந்தா மாதவாரியாகச் செலுத்தப்படும் என்று தெளிவாக எழுதிக்கொள்ளாமல் கையெழுத்திடக் கூடாது. முழுச் சம்பளம் கிடைக்காத இடத்தில், 78க்குச் சில நாள்கள் மட்டுமே குறைபவர்களுக்கு ஈட்டிய விடுப்பை அந்த நாள்களுக்கு ஈடு செய்யும்படி கேட்கலாம். அனுமதிக்கப்பட்ட விடுப்பின் சம்பளத்துக்குச் சந்தா உண்டு. இதைச் சந்தாக் காலம் முடிவதற்குள் செய்துவிட வேண்டும். காலம் கடந்தபின் பின்தேதியிட்டு ஏற்றுவது எளிதன்று.

ஊதிய உயர்வால் சம்பளம் 21,000ஐத் தாண்டுபவர்களையும் மறக்கக் கூடாது. அவர்கள் அந்தச் சந்தாக் காலம் முடியும் வரை இ.எஸ்.ஐ.யில் நீடித்து, அதன்பின் வெளியேறுவார்கள். உரிய பயன் காலம் முடியும் வரை சிகிச்சை கிடைக்கும். அது தீரும் தேதியிலிருந்து குழுக் காப்பீடு தொடங்க வேண்டும் என்பதும் அதே ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும்.

கதவடைப்பு நிரந்தர மூடலாக முடிந்தால் வேறொரு வழி திறக்கிறது. இ.எஸ்.ஐ.யின் வேலையின்மை உதவித் திட்டமான ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனாவின்படி, குறைந்தது இரண்டு ஆண்டுகள் சந்தா செலுத்தியவருக்கு, ஆலை மூடப்பட்டாலோ ஆட்குறைப்புச் செய்யப்பட்டாலோ, அதிகபட்சம் 24 மாதங்கள் வேலையின்மை உதவித்தொகை கிடைக்கும்: முதல் 12 மாதங்களுக்குச் சராசரி ஊதியத்தில் 50 விழுக்காடு, அடுத்த 12 மாதங்களுக்கு 25 விழுக்காடு. அந்தக் காலத்தில் குடும்பத்துக்கும் சிகிச்சை உண்டு. கதவடைப்பு நீடிக்கும் வரை இந்த உதவி கிடையாது. விருப்ப ஓய்வில் கையெழுத்திட்டவருக்கும் கிடையாது. எனவே மூடல் நெருங்கும் வேளையில் நிர்வாகம் நீட்டும் விருப்ப ஓய்வுத் தாளில் கையெழுத்திடுவதற்கு முன்பு, அதில் வரும் தொகையோடு இந்த இரண்டாண்டு உதவியையும் சிகிச்சையையும் வைத்து ஒவ்வொரு உறுப்பினருக்கும் தனித்தனியே கணக்குப் போட்டுக் காட்டுவது சங்கத்தின் பொறுப்பு.