பிஓ கோப்பில் தமிழ் இருக்கிறது, திரையில் இல்லை: சரிசெய்த விதம்

ஒரு மென்பொருளின் மொழிபெயர்ப்பு வரிகளை வைத்திருக்கும் பிஓ (PO) கோப்பில் தமிழ் வரிகள் ஒழுங்காக இருந்தும் மெனுவில் பாதி ஆங்கிலமாகவே நின்றது. காரணம் 'ஃபஸ்ஸி' (fuzzy) குறி, அதாவது 'இந்த மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க வேண்டும்' என்ற அடையாளம். மூல வரியில் ஒரு சொல் மாறினாலும், பிஓ கோப்பைப் புதுப்பிக்கும் எம்எஸ்ஜிமெர்ஜ் (msgmerge) கருவி பழைய மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு மேலே இந்தக் குறியைப் போட்டுவிடும். அப்படிக் குறியிட்ட வரிகளை எம்எஸ்ஜிஎஃப்எம்டி (msgfmt) கருவி, நிரல் படிக்கும் எம்ஓ (MO) கோப்பில் சேர்க்காது.

பிஓ கோப்புகளைத் திருத்தும் போஎடிட் (Poedit) செயலியில் 'நீட்ஸ் ஒர்க்' என்று தெரிவது இதுதான். வரியைப் படித்துத் திருத்திய பிறகு கன்ட்ரோல்+யூ அழுத்தினால் குறி போய்விடும். படிக்காமலே எல்லாக் குறிகளையும் மொத்தமாக நீக்கிவிடலாம் என்று தோன்றும், வேண்டாம். நீக்கினால், 'கோப்புறையைத் திற' என்று வர வேண்டிய பொத்தானில் 'கோப்பைத் திற' உட்கார்ந்திருக்கும்.

அடுத்த தலைவலி, இடங்காட்டிகள்: நிரல் ஓடும்போது பெயர்கள் வந்து நிரம்பும் %s போன்ற குறிகள். "இதை அங்கே நகலெடு" என்ற வகை ஆங்கில வரியில் கோப்பின் பெயர் முதலில் வரும். தமிழில் "அங்கே" முன்னால் வந்தால் பெயர்கள் இடம் மாறிவிடும். இரண்டுமே எழுத்துச்சரம் (%s) என்றால் எம்எஸ்ஜிஎஃப்எம்டியின் 'மைனஸ் சி' (-c) சோதனைகூட வாய் திறக்காது. சி மொழி நிரலாக இருந்தால் சதவீதக் குறிக்கும் எழுத்துக்கும் நடுவில் 2$, 1$ என்று (%2$s, %1$s) எண்ணிட்டால் போதும்.

அனுப்பும் முன், மாறிய வரிகளைக் காட்டும் கிட் டிஃப் (git diff) பாருங்கள். மாற்றியது 3 வரி, காட்டுவது 300 வரி என்றால் போஎடிட் வரிகளை மடக்கியிருக்கிறது. அமைப்புகளில் பழைய வடிவத்தைக் காக்கும் தெரிவை இயக்கி, மீண்டும் சேமித்து அனுப்புங்கள்.