டேக் ஸ்ட்ரிப்: முள் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

சுவருக்குச் சுவர் கார்ப்பெட் போட்ட அறையில் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தால், சுவரோரமாக ஓர் அங்குலத்துக்கும் சற்றுக் கூடுதல் அகலத்தில் ஒரு பிளைவுட் பட்டி தெரியும். அதில் சின்னச் சின்ன முட்கள் சாய்வாக நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் டேக் ஸ்ட்ரிப். பிரிட்டனில் கிரிப்பர் என்று கேட்டு வாங்க வேண்டும். கனடாவிலோ பிரிட்டனிலோ வீடு வாங்கிய நம்மவர்களுக்குப் படுக்கையறையிலும் மாடிப்படியிலும் இது பழகிய சமாச்சாரம். ஆளுக்குக் கொடுக்கும் கூலியை மிச்சம் பிடிக்கலாம் என்று தாங்களே போட்டுப் பார்ப்பவர்களும் உண்டு.

போடலாம், தப்பில்லை. ஆனால் முள் குத்துவதால்தான் கார்ப்பெட் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டு இறங்கினால் வேலை கெடும். கார்ப்பெட்டை நன்றாக இழுத்து மாட்டியதும் அது பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். அந்த இழுப்புதான் அதை முள்ளில் பிடித்து வைக்கிறது. கீழே சொல்லும் தவறுகளில் பாதி இதை மறப்பதால் வருபவை.

முள் சுவரைப் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும். கார்ப்பெட் அறையின் நடுப்பக்கம் இழுக்கும். முள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தால்தான் மாட்டிக்கொள்ளும். திருப்பி அடித்துவிட்டால் அன்றைக்கு நன்றாகத்தான் தெரியும். பிறகு நடமாட்டத்திலும் வாக்குவம் இழுப்பிலும் ஓரம் நழுவி மேலே வந்துவிடும்.

அடுத்தது சுவருக்கும் பட்டிக்கும் நடுவே விடும் இடைவெளி. கார்ப்பெட்டின் தடிமனைவிடக் கொஞ்சம் குறைவாக, சுமார் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் போதும்; 10 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம். வெட்டிய விளிம்பை மடக்கிச் செருகி மறைப்பதற்கான இடம் அது. பட்டியைச் சுவரோடு ஒட்டி அடித்தவர்கள் வேறு வழியில்லாமல் கார்ப்பெட்டைச் சுவரோரத்தில் நேராக வெட்டிவிடுவார்கள். நாளாக ஆக நூல் பிரியும். இடைவெளி அதிகமானாலோ ஓரம் பள்ளமாகும். சரியான தடிமனில் ஒரு மரத்துண்டை எடுத்து, சுவரோரம் வைத்து நகர்த்திக்கொண்டே ஆணி அடித்துப் போனால் அளவு மாறாது.

துண்டு எவ்வளவு சின்னதானாலும் இரண்டு ஆணி வேண்டும். வாசல் நிலை ஓரத்தில் மூன்று அங்குலத் துண்டு ஒன்றை ஒற்றை ஆணியில் விட்டால், இழுக்கும்போது அது அந்த ஆணியையே அச்சாக வைத்துச் சுழன்றுவிடும். வளைந்த சுவர் என்றால் பட்டியைச் சிறு துண்டுகளாக நறுக்கி வளைவோடு அடுக்க வேண்டும், அப்போதும் துண்டுக்கு இரண்டு ஆணிதான். நறுக்கும்போது முள்ளும் மரச்சில்லும் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள்.

அடித்தளத்து அறையில் தரை கான்கிரீட்டாக இருக்கும். அங்கே கான்கிரீட் ஆணி உள்ள பட்டி வேண்டும். கான்கிரீட் உதிர்ந்தால் பசை வைத்து ஒட்டி, அது முழுதாகக் காய்ந்த பிறகே கார்ப்பெட்டை இழுக்க வேண்டும். தரைக்கடியில் சூடேற்றும் குழாய் ஓடுகிற வீட்டில் ஆணியே கூடாது, பசைதான். 1980களுக்கு முன் கட்டிய வீட்டில் பழைய தரை டைல் வந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் (தூளாகி மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் நார்) இருக்கலாம். சோதித்துப் பார்க்காமல் அதைச் சுரண்டவோ உடைக்கவோ ஆணி அடிக்கவோ வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

பழைய பட்டி உறுதியாக இருந்தால் அப்படியே வைத்துக்கொள்ளலாம். முள் துருப்பிடித்திருந்தாலோ, தண்ணீரிலோ நாய் பூனையின் சிறுநீரிலோ ஊறி மரம் கறுத்திருந்தாலோ பிடுங்கிவிடுங்கள். துருக்கறை புதுக் கார்ப்பெட்டில் ஏறும், வாடையும் போகாது.

கார்ப்பெட்டுக்கு அடியில் மெத்தென்று விரிக்கும் அண்டர்லே, பட்டியின் உள்விளிம்போடு நிற்க வேண்டும். பட்டிமேல் ஏற்றிவிட்டால் முள் கார்ப்பெட்டின் அடித்துணியை எட்டாது, ஓரமெல்லாம் மேடு தட்டும். மெல்லிய கார்ப்பெட்டுக்கு நீள முள் பட்டி வாங்கி, முள் முனை மேலே எட்டிப் பார்ப்பதும் அடிக்கடி நடக்கிறது. செருப்போடு நடக்கும் வீடுகளில் இது தெரியாமல் போகலாம். நம் வீடுகளில் வெறுங்காலோடு நடப்போம், சுவரில் சாய்ந்து தரையில் உட்காருவோம், குழந்தை தவழும். கார்ப்பெட்டின் ஒரு துண்டைக் கடைக்கே கொண்டுபோய், முள்மேல் அழுத்திப் பார்த்து வாங்குவது நல்லது.

இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டுக் கடைசியில் கோட்டைவிடுவது இழுப்பதில். முழங்காலால் உதைத்துத் தள்ளும் நீ கிக்கர் என்ற கருவியை மட்டும் வைத்து முழு அறையையும் முடித்துவிடுகிறார்கள். அது கார்ப்பெட்டை முள்ளில் மாட்டவும் மூலை முடுக்குகளுக்கும் உரியது. ஒரு சுவரில் முட்டுக் கொடுத்து எதிர்ச்சுவரை நோக்கித் தள்ளும் பவர் ஸ்ட்ரெச்சர் இல்லாமல் அறை முழுவதும் விறைப்பு வராது. அமெரிக்கக் கார்ப்பெட் தயாரிப்பாளர்களின் சங்கமான கார்ப்பெட் அண்ட் ரக் இன்ஸ்டிட்யூட் வகுத்த விதிமுறையும் இதைத்தான் கேட்கிறது. வாடகைக்குக் கிடைக்கும் கருவிதான். அது இல்லாமல் போட்ட கார்ப்பெட் மத்தளத் தோல் தளர்ந்த மாதிரி ஆகி, அலை அலையாக எழும்பும். அப்போது எல்லோரும் பட்டியைத்தான் திட்டுவார்கள்.

சோபா வேலையிலும் டேக் ஸ்ட்ரிப் உண்டு, அதன் கதை வேறு. அங்கே அட்டைப் பட்டியின் வேலை விளிம்பை நேராக்குவது. துணியின் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி வைத்து, மேலே பட்டியை வைத்து ஸ்டேப்பிள் அடித்து, பிறகு துணியைக் கீழே மடக்கி விடுவார்கள். பழைய அட்டைப்பெட்டியை நறுக்கி வைத்தால் அது நெளியும். நெளிவு அப்படியே துணியில் கோடாகத் தெரியும். ஸ்டேப்பிள்களை எட்ட எட்ட அடித்தால் நடுவில் துணி தளர்ந்து தொங்கும்.

சோபாவின் முதுகுப் பக்கத்தை மூட, ஆணி முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும் தகரப் பட்டி வரும். துணியை அதன்மேல் மடித்துச் சுற்றி, பட்டியை மறைத்துச் சட்டத்தில் அடிக்க வேண்டும். இங்கே இரும்புச் சுத்தியலை நேராகத் துணியில் இறக்கிவிடுகிறார்கள். வெல்வெட்டாக இருந்தால் ஒவ்வோர் அடியும் பளபளவென்று தழும்பாக நிற்கும். ரப்பர் சுத்தியல் எடுங்கள், நடுவே ஒரு தடித்த துணித்துண்டை வையுங்கள். முதலில் எல்லா ஆணியையும் பாதி வரை மட்டும் இறக்கி, தள்ளி நின்று கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் முழுக்க அடியுங்கள்.